வீடியோவில் என் வலது கை

10-6-2019, திங்கள்

கோத்தகிரி ஜவுளிக்கடைக்காரர் ஜனவரியில் கொடுத்த டைரி இது. ஐந்து மாதம் அலமாரியில் சும்மா கிடந்தது. எழுதும்படியான சம்பவம் எதுவும் நடக்காததால் எழுதவில்லை. இன்று நடந்துவிட்டது.

டீ மேக்கர் ஹரிதாஸ் சார் என்னை ஆபீஸுக்குக் கூப்பிட்டார். பச்சை இலை உள்ளே வந்து தூளாகி மூட்டையில் வெளியே போகும்வரை ஃபேக்டரியில் அவர் வைத்ததுதான் சட்டம். அவர் என்னை உட்காரச் சொன்னார். முப்பத்தொரு வருஷத்தில் அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் தொழிலாளி நான்தான் என்று நினைக்கிறேன். நினைப்பென்ன, நான்தான்.

"இசக்கி அண்ணே, ஜார்க்கண்டில இருந்து புதுசா பதினாலு பேர் வந்திருக்காங்க. ஒருத்தருக்கும் தமிழ் தெரியாது. அவங்க பேச்சு நமக்குத் தெரியாது. கத்திக் கத்தி எனக்குத் தொண்டை போச்சு. நீங்க வேலை செய்யறத வீடியோ எடுத்து டி.வி.ல ஓடவிடலாம்னு இருக்கேன். பார்த்துப் பழகிக்கட்டும்."

"எத்தனையோ பேர் இருக்க நான் எதுக்குங்க சார்?" என்று பணிவாகக் கேட்டேன்.

"உங்களை விட்டா யாரு இருக்கா?" என்றார். சரியாகச் சொன்னால், "உங்களை விட்டா பழைய ஆளு யாரு இருக்கா?" என்றார். பொருள் ஒன்றுதான்.

அவர் சொன்னதும் உண்மைதான். எஸ்டேட் ஆட்களுக்குக் கட்டிக்கொடுத்த எங்கள் லயனில் நாற்பது வீடு. நம் ஆட்கள் இப்போது ஆறு வீட்டில்தான். மற்ற பிள்ளைகள் எல்லாம் திருப்பூர், கோயம்புத்தூர் என்று இறங்கிவிட்டார்கள். என் மகனும் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டான். "உங்கள மாதிரி மிஷின்கூட மாரடிக்க என்னால ஆகாது" என்று சொல்லிவிட்டுத்தான் போனான். பார்க்கட்டும். அப்பன் டி.வி.யில் வருவதைப் பார்க்கட்டும்.

வீட்டில் சொன்னேன். ராக்கம்மா அரிசி களைந்துகொண்டே, "உங்க மூஞ்சிய டி.வி.ல போட்டா மிஷினே பயந்து நின்னு போகுமுங்க" என்றாள்.

14-6-2019, வெள்ளி

முதல் நாள் படப்பிடிப்பு. எடுப்பது வேணி. என் அக்கா மகள். ஃபேக்டரி ஆபீஸில் கம்ப்யூட்டர் பார்க்கிறாள். கம்பெனி கொடுத்த போனில் எடுக்கிறாள்.

மகன் கல்யாணத்துக்கு எடுத்த சந்தன நிறச் சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன். வேணி சிரித்தாள். "மாமா, சட்டைய யாரும் பாக்க மாட்டாங்க. கையத்தான் பாப்பாங்க."

இலையை வாட்டும் தொட்டிகளில் ஆரம்பித்தோம். எத்தனை விரல் உயரத்துக்கு இலையைப் பரப்புவது, எப்படிப் புரட்டுவது, வாடிவிட்டதா என்று கையில் பிடித்துப் பார்ப்பது எப்படி, எல்லாம் காட்டினேன். இடையிடையே தொண்ணூற்று மூன்றில் நடந்ததையும் சொன்னேன். கல்கத்தாவிலிருந்து வந்த இன்ஜினியர் நாலு நாள் முழித்தும் ஓடாத மிஷினை நான் ஒரே தட்டில் ஓடவைத்தேன் அல்லவா, அது.

"போன வருஷம் மூணு நாள்னு சொன்னீங்க" என்றாள்.

மூன்றோ நாலோ. ஓடியதா இல்லையா?

18-6-2019, செவ்வாய்

இன்று சி.டி.சி. மிஷின். ஃபேக்டரிக்கு இதயம் இதுதான். பல் வெட்டிய இரண்டு எஃகு உருளைகள் எதிரெதிராகச் சுழலும். வாடிய இலை நடுவில் விழுந்து, நசுங்கி, குருணையாக வெளியே வரும். ஈர இலையாக இருந்தால் உருளையின் வாயில் கட்டி கட்டியாகச் சேர்ந்துவிடும். அதை எடுப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. சிவப்புப் பட்டனை அழுத்து. உருளை முழுக்க நிற்கும்வரை காத்திரு. மூடியைத் திற. மரக்குச்சியால் தள்ளு.

நான் அப்படிச் செய்வதில்லை. மிஷின் ஓடும்போதே மூடியைத் தூக்கி, உள்ளங்கையால் மூன்று தட்டில் கட்டியைத் தட்டிவிடுவேன். சாறு ஒட்டும். தொடையில் பளாரென்று ஒரு அடி. முடிந்தது. முப்பத்தொரு வருஷமாக இந்தக் கை அந்தப் பல்லுக்கு எவ்வளவு தூரத்தில் போகலாம் என்று அந்தப் பல்லுக்கே தெரியும்.

எனக்கு ஒரு யோசனை வந்தது. "முதல்ல தப்பு, அப்புறம் சரி. ரெண்டையும் காட்டலாம் வேணி."

"தப்பு எதுக்கு மாமா? சரிய மட்டும் காட்டுங்க."

"தப்பு எதுன்னு தெரிஞ்சாத்தான் புள்ள சரி எதுன்னு தெரியும்."

தப்பை மூன்று தடவை எடுத்தோம். முதல் தடவை வெளிச்சம் போதவில்லை. இரண்டாவது தடவை கட்டி சரியாக விழவில்லை. மூன்றாவது பிரமாதம். கை மின்னல் மாதிரி போய் வந்தது. தொடையில் அடித்துவிட்டு, "இப்படிச் செய்யக் கூடாது" என்று சொன்னேன். சரியான முறையை ஒரே தடவைதான் எடுத்தோம். அதற்குள் இலை வந்து குவிந்துவிட்டது.

வேணி மத்தியானம் கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டினாள். தப்பு வரும் இடத்தில் கீழே 'தவறான முறை' என்று தமிழில் எழுதியிருந்தாள். குறுக்கே சிவப்பில் ஒரு பெரிய பெருக்கல் குறியும் போட்டிருந்தாள்.

"என்ன புள்ள இது? என் கை மேல கோட்டப் போட்டா கை எப்படித் தெரியும்?"

"இல்ல மாமா, பார்த்ததும் தப்புன்னு..."

"எடு, எடு."

எடுத்துவிட்டாள்.

20-6-2019, வியாழன்

மழை. டிரையர் பக்கத்துச் சுவரில் டி.வி. மாட்டிவிட்டார்கள். மிஷின் இரைச்சலில் எதுவும் கேட்காது என்று ஹரிதாஸ் சார் சத்தத்தை நிறுத்திவைக்கச் சொன்னார். "பேச்சே தேவையில்லண்ணே, உங்க கையே பேசுது" என்றார். இந்த வாக்கியத்தை நான் கூட்டவில்லை. அப்படியே சொன்னார்.

28-6-2019, வெள்ளி

புது ஆட்கள் சாப்பாட்டு நேரத்தில் டி.வி. முன்னால் வரிசையாக உட்கார்ந்து பார்க்கிறார்கள். நான் அந்தப் பக்கம் போனால் திரும்பி என்னைப் பார்க்கிறார்கள், பிறகு டி.வி.யைப் பார்க்கிறார்கள், பிறகு சிரிக்கிறார்கள். ஊட்டி மலர் கண்காட்சிக்கு வரும் பெரிய மனுஷர்களுக்குக்கூட இந்தக் கூட்டம் கூடியதில்லை.

அதில் ஒரு பெண். எத்வாரி. இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது இருக்கும். புருஷன் சோம்ரா மூட்டை கட்டும் இடத்தில் வேலை. மற்றவர்கள் சாப்பிடப் போன பிறகும் இவள் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்று பார்க்கிறாள். வேணியைப் பார்த்து அவளும் என்னை "மாமா" என்கிறாள். அவர்கள் பேச்சிலும் மாமா என்றால் மாமாதானாம்.

16-7-2019, செவ்வாய்

எத்வாரியை சி.டி.சி. மிஷினில் போட்டுவிட்டார்கள். நான்தான் சொன்னேன், அந்தப் பெண்ணுக்குக் கை வருகிறது என்று.

வேணி அவளிடம் இந்தி பழகுகிறாள். ஊரில் மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை இருக்கிறதாம். அம்மாவிடம் விட்டுவிட்டு வந்திருக்கிறாள். வேலை நிரந்தரமானால் குழந்தையை இங்கேயே கூட்டிவந்து எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும் என்கிறாளாம். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வாசலுக்கு வந்து உட்கார்ந்துகொள்கிறாள். ராக்கம்மா ஒரு பேச்சு, அவள் ஒரு பேச்சு. ஒரு சொல் ஒத்துப்போகாது. இரண்டு பேரும் ஒரு மணி நேரம் சிரிக்கிறார்கள்.

"என்ன பேசுனீங்க?" என்றேன்.

"உங்களப் பத்தித்தானுங்க" என்றாள் ராக்கம்மா.

27-7-2019, சனி

இன்று எழுத ஒரு விஷயம்.

பத்து மணி வாக்கில் ரோலர் பக்கம் போனேன். ஈர இலை. உருளையின் வாயில் கட்டி சேர்ந்திருந்தது. எத்வாரி மூடியைத் தூக்கினாள். மிஷின் ஓடிக்கொண்டேயிருக்கிறது. உள்ளங்கையால் ஒன்று, இரண்டு, மூன்று. கட்டி விழுந்தது. அப்புறம் தொடையில் பளாரென்று ஒரு அடி!

என் அடி. என்னுடைய அதே அடி. தோளைச் சாய்ப்பது உட்பட.

திரும்பி என்னைப் பார்த்து, 'சரியா?' என்கிற மாதிரி புருவத்தைத் தூக்கினாள். நான் இரண்டு கையையும் தூக்கித் தட்டினேன். என் பிள்ளை கற்றுக்கொள்ளாததை எங்கிருந்தோ வந்த இந்தப் பெண் படத்தைப் பார்த்தே கற்றுக்கொண்டாள். வாத்தியார் என்றால் இப்படி இருக்க வேண்டும்.

28-7-2019, ஞாயிறு

நேற்று எழுதியதை ராக்கம்மாவிடம் படித்துக் காட்டினேன். "ஓடறப்ப கைய உடலாமுங்களா?" என்றாள். பெண்களுக்கு மிஷினைப் பற்றி என்ன தெரியும்!

6-8-2019, செவ்வாய்

மூன்று விரல்.

7-8-2019, புதன்

நேற்று பதினோரு மணி. நாலு நாளாக விடாத மழை. இலையெல்லாம் சொதசொதவென்று வந்தது. அலறல் கேட்டதும் நான்தான் முதலில் பாய்ந்து சிவப்புப் பட்டனை

இல்லை. பட்டனை அழுத்தியது சோம்ரா. மூட்டையைப் போட்டுவிட்டு ஓடிவந்தான். நான் வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தேன். கிளாஸைக் கீழே வைத்துவிட்டு வந்தேன். கிளாஸை வைக்க இடம் தேடியது ஞாபகம் இருக்கிறது. அந்த நேரத்தில் எதுக்கு இடம் தேடினேன்?

வலது கை. ஆட்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல். வேணி தன் துப்பட்டாவை எடுத்துச் சுற்றினாள். எத்வாரி கத்தவில்லை. முதலில் கத்தியதோடு சரி. கையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஜீப்பில் ஏற்றும்போது சுற்றியிருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். என்னையும் பார்த்தாள்.

கோத்தகிரியில் கட்டுப்போட்டு உடனே கோயம்புத்தூருக்கு அனுப்பிவிட்டார்கள்.

டி.வி. ஓடிக்கொண்டுதான் இருந்தது. யாரும் நிறுத்தவில்லை. அதில் நான் தொடையில் அடித்துக்கொண்டே இருந்தேன்.

9-8-2019, வெள்ளி

சோறு இறங்கவில்லை. ராக்கம்மா எதிரில் உட்கார்ந்தாள்.

"ஏனுங்க, அன்னிக்கு டைரியில படிச்சுக் காட்டுனீங்களே. அந்தப் புள்ள ஓடற மிஷின்ல கைய உட்டத நீங்க பாத்தீங்களா இல்லீங்களா?"

"பார்த்தேன்."

"பாத்துப்போட்டு?"

"கை தட்டுனேன்."

அவள் எழுந்தாள். தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். திட்டியிருக்கலாம். முப்பது வருஷத்தில் அவள் திட்டாமல் விட்ட முதல் விஷயம்.

12-8-2019, திங்கள்

கோயம்புத்தூர் பெரிய ஆஸ்பத்திரி. நானும் ராக்கம்மாவும் பஸ்ஸில் போனோம். எத்வாரி தூங்கிக்கொண்டிருந்தாள். கை தலையணை மேல் உருண்டையாகக் கிடந்தது. கட்டை விரலும் சுண்டு விரலும் மிச்சம்.

என்னைப் பார்த்ததும் சோம்ரா எழுந்து நின்றான். எழுந்து நின்றான்! தான் உட்கார்ந்திருந்த ஸ்டூலை என் பக்கம் நகர்த்தினான். கீழே போய் எனக்கும் ராக்கம்மாவுக்கும் டீ வாங்கி வந்தான். அவனுக்கு ஒன்றும் தெரியாது. அவனுக்கு நான் டி.வி.யில் வரும் பெரிய மனுஷன்.

அந்த டீயைக் குடித்தேன். குடிக்காமல் எப்படி வைப்பது?

ராக்கம்மா சீப்பு கொண்டுவந்திருந்தாள். எத்வாரி கண் விழித்ததும் தலை வாரிவிட்டாள். ஒற்றைக் கையால் சடை போட முடியாதே என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

17-8-2019, சனி

புதன்கிழமை தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் விசாரணைக்கு வருகிறார். ஹரிதாஸ் சார் என்னையும் வேணியையும் கூப்பிட்டார். மறுபடியும் அந்த நாற்காலி.

"நாம சொல்லித்தானே கொடுத்திருக்கோம் அண்ணே. செய்யக் கூடாதுன்னு வீடியோவுலயே சொல்றீங்க. அந்தப் பொண்ணு கேக்கல. அவ்வளவுதான் விஷயம்." பிறகு வேணியைப் பார்த்து, "அந்தப் பெருக்கல் குறிய மறுபடி போட்டுரு. முதல்ல இருந்தே இருந்த மாதிரி" என்றார்.

வேணி என்னைப் பார்த்தாள்.

"சார், அத எடுக்கச் சொன்னது நான்" என்றேன்.

"யாருக்குத் தெரியும்? ஒரு கோடு அண்ணே. ரெண்டு கோடு. இருந்துச்சுன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். இந்த ஃபேக்டரியில ஆயிரம் கதை சொல்லியிருக்கீங்க. இதொண்ணு சொல்ல முடியாதா?"

நான் நாற்காலியை விட்டு எழுந்தேன்.

"உங்களுக்கு இன்னும் ஒண்ணரை வருஷம் சர்வீஸ் இருக்கு. அதுவரைக்கும் லயன் வீடு இருக்கு. யோசிச்சுக்குங்க." கோபமாகச் சொல்லவில்லை. தண்ணீர் வேண்டுமா என்று கேட்கிற மாதிரி சொன்னார்.

18-8-2019, ஞாயிறு

சொல்லிவிடலாம். இருந்தது என்று ஒரு வார்த்தை. நான் சொல்லாத பொய்யா? காட்டெருமையைக் கம்பால் விரட்டினேன் என்று எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன். அது வேலிக்கு அந்தப் பக்கம் நின்றது. நான் இந்தப் பக்கம் நின்றேன். அதனால் யாருக்கு என்ன நஷ்டம்? எருமைக்கா?

ஆனால் இது. இதைச் சொன்னால் அவள் தப்பு செய்தவளாகப் போவாள். 'சொன்னதைக் கேட்காதவள்' என்று எழுதி ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். மூன்று விரலும் போய், பெயரும் போய், வைத்தியத்துக்கும் வழியில்லாமல் போவாள். அவள் சொன்னதைக் கேட்காதவளா? என் தோள் சாய்வதைக்கூட விடாமல் படித்தவள்!

ராக்கம்மாவிடம் கேட்டேன். "உண்மைய சொன்னா ஊடு போயிரும்."

"ஊடு போனா எங்கீங்க போவோம்? மகன்கிட்டயா? ஒத்தை ரூம்ல அவங்களே நாலு பேரு." வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பாமலேயே, "நாளைக்கு ஆஸ்பத்திரில இருந்து அந்தப் புள்ள லயனுக்கு வருதாமா. நாந்தான் தலை வாரி உடோணும். அது தலைய நா எப்படீங்க புடிப்பேன்?" என்றாள்.

21-8-2019, புதன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

இன்ஸ்பெக்டர் ஒரு அம்மா. சேலத்துக்காரர். இந்தி தெரிந்தவர். ஆபீஸில் ஹரிதாஸ் சார், வேணி, நான், எங்கள் பழைய ஆட்கள் நாலு பேர், எத்வாரி, சோம்ரா. கம்ப்யூட்டரில் வீடியோவைப் போட்டார்கள். என் கை வந்தது. குறுக்கே சிவப்பாகப் பெருக்கல் குறி.

"இது முதல்லயே இருந்ததா?" என்றார் அம்மா.

"ஆமாங்க மேடம்" என்றார் ஹரிதாஸ் சார்.

எத்வாரி வெள்ளைக் கட்டோடு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். ராக்கம்மா பின்னிவிட்ட சடை. "இல்லீங்க" என்றேன். சத்தம் வரவில்லை. மறுபடி சொன்னேன். "இல்லீங்க. அந்தக் குறிய நான் எடுக்கச் சொன்னேன். என் கையை மறைக்குதுன்னு எடுக்கச் சொன்னேன்."

ஹரிதாஸ் சார் சிரித்தார். "மேடம், இவர் எப்பவும் இப்படித்தான். எது நடந்தாலும் அதுல இவர் ஒரு கதை வச்சிருப்பார். கேளுங்க இவங்ககிட்ட."

பழைய ஆட்கள் இரண்டு பேர் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை. என்னை எப்படி நம்புவார்கள்? முப்பத்தொரு வருஷம் நான் பேசிய பேச்சு எல்லாம் அந்த அறையில் வந்து என் வாயைப் பொத்தியது.

அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு எத்வாரி பக்கம் திரும்பி இந்தியில் ஏதோ கேட்டார். என்ன செய்தாய், எழுந்து செய்து காட்டு என்றிருக்கும்.

எத்வாரி எழுந்தாள். இடது கையால் இல்லாத மூடியைத் தூக்கினாள். கட்டுப் போட்ட கையை நீட்டினாள். ஒன்று. இரண்டு. மூன்று. வலது தோள் சாய்ந்தது. கை தொடையை நோக்கி இறங்கி, தொடைக்கு அரை அடி மேலேயே நின்றுவிட்டது. அடிக்க முடியாது என்று கைக்கு ஞாபகம் வந்திருக்கும்.

யாரும் சிரிக்கவில்லை. அந்த அடி யாருடையது என்று அங்கே எல்லோருக்கும் தெரியும்.

"அது என்கிட்ட படிச்சதுங்க" என்றேன். "ஜூலை இருபத்தேழாந் தேதி அது இப்படியே செஞ்சத நான் கண்ணால பார்த்தேன். நிறுத்தல. கை தட்டுனேன். அதுதான் சரின்னு அதுக்கு நான் சொல்லிக்கொடுத்தேனுங்க."

அம்மா வேணியைப் பார்த்தார். வேணி அழுதுகொண்டே, "குறி சனிக்கிழமை போட்டது மேடம்" என்றாள்.

ரொம்ப நேரம் எழுதினார். எழுதி முடித்துவிட்டு என்னிடம் கேட்டார்: "பேச்சு புரியாதவங்களுக்குன்னுதானே வீடியோ எடுத்தீங்க? அதுல ஏன் தப்பக் காட்டுனீங்க?"

தப்பைக் காட்டவில்லை அம்மா. என்னைக் காட்டினேன். இதை அங்கே சொல்லவில்லை. இப்போது எழுதுகிறேன்.

22-8-2019, வியாழன்

தொழிலாளி மேல் தவறு இல்லை என்று எழுதியிருக்கிறார்களாம். வைத்தியமும் நஷ்டஈடும் கம்பெனி பொறுப்பு. டி.வி.யைக் கழற்றிவிட்டார்கள். சுவரில் நாலு ஓட்டை.

என்னை இந்த மாதத்தோடு நின்றுகொள்ளச் சொல்லிவிட்டார்கள். வீடு நவம்பர் வரை. வேணியை இலை எடை போடும் ஷெட்டுக்கு மாற்றிவிட்டார்கள். மழையில் நிற்கிறாள். அவள் அம்மா, என் அக்கா, போனில், "உன் பெருமைக்கு எம் புள்ளையும் நனையுது" என்றாள். சரிதான்.

15-9-2019, ஞாயிறு

அவர்கள் ஊருக்குப் போகிறார்கள். கோத்தகிரி பஸ் ஸ்டாண்டுக்கு வழியனுப்பப் போனோம். ஒரு பெட்டி, ஒரு பிளாஸ்டிக் பை. பெட்டியை சோம்ராவும் பையை இடது கையில் எத்வாரியும் வைத்திருந்தார்கள்.

விசாரணை முடிந்த அன்றே வேணி சோம்ராவுக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு அவன் என்னைப் பார்த்து எழுந்து நிற்பதில்லை. இன்றும் மேட்டுப்பாளையம் பஸ் வருகிற பக்கமே பார்த்துக்கொண்டு நின்றான்.

"மன்னிச்சுக்கச் சொல்லு புள்ள" என்று வேணியிடம் கேட்டேன்.

"நான் சொல்ல மாட்டேன் மாமா. நீங்களே சொல்லுங்க."

எந்தப் பேச்சில் சொல்வேன்? கையைக் கூப்பினேன். எத்வாரி என் முகத்தைப் பார்க்கவில்லை. கூப்பிய கையைப் பார்த்தாள். பத்து விரலையும் பார்த்தாள். நான் கையை இறக்கிவிட்டேன்.

ராக்கம்மா குழந்தைக்கு என்று ஒரு ஸ்வெட்டர் வாங்கியிருந்தாள். அந்த ஊரில் குளிருமோ குளிராதோ. எத்வாரி அதை வாங்கி, நெஞ்சோடு வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். குழந்தையை இங்கே படிக்க வைப்பதாக இருந்தவள்.

27-10-2019, ஞாயிறு

தீபாவளி. மகன் வந்தான். ஏன் வேலை போனது என்று கேட்டான். நடந்ததைச் சொன்னேன். முடித்ததும், "அவ்வளவுதானா?" என்றான். அவ்வளவுதான்.

8-12-2019, ஞாயிறு

கோத்தகிரி பக்கம் அரவேணுவில் ஒரு கடைக்குப் பின்னால் ஒற்றை அறை. குடிவந்து இரண்டு வாரம் ஆகிறது. சிறு விவசாயிகளின் இலையை வண்டியில் ஏற்றுகிறேன். ராக்கம்மா இலை பறிக்கப் போகிறாள். முதுகு வலிக்கிறது. குளிர் அதிகம்.

இன்று வேணி வந்தாள். அக்கா அனுப்பிய ஊறுகாயைக் கொடுத்துவிட்டு, போனை எடுத்து, "எத்வாரி வீடியோ அனுப்பியிருக்கா. நீங்களும் பாக்கணும்னு சொன்னா" என்றாள். என் போனுக்கு அனுப்பிவிட்டுக் கடைக்குப் போனாள்.

மண் சுவர் வீடு. வெயில். எத்வாரி முற்றத்தில் உட்கார்ந்து அரிசி புடைக்கிறாள். முறத்தின் ஒரு பக்கம் இடது கை. மறு பக்கம் வலது கையின் கட்டை விரலும் சுண்டு விரலும். முதலில் முறம் சாய்ந்து அரிசி கொட்டுகிறது. வீடியோ எடுக்கிறவர்கள் யாரோ சிரிக்கிறார்கள். மறுபடி அள்ளிப் போட்டுப் புடைக்கிறாள். இப்போது கொட்டவில்லை. பக்கத்தில் ஒரு சின்னப் பெண், அந்த வெயிலில் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, கீழே விழுந்த அரிசியை ஒவ்வொன்றாகப் பொறுக்குகிறது. கடைசியில் எத்வாரி நேராக என்னைப் பார்த்து ஏதோ சொல்கிறாள். நாலைந்து வார்த்தை. சிரிக்கவில்லை. கோபமாகவும் இல்லை. 'மாமா' என்கிற ஒன்றுதான் எனக்கு விளங்கியது.

"என்னங்க சொல்லுது?" என்றாள் ராக்கம்மா.

"தெரியலை."

"வேணி வந்தா கேளுங்க."

வேணி வந்தாள். டீ குடித்தாள். கடைசி பஸ்ஸுக்குக் கிளம்பினாள். வாசல்வரை கூடவே போனேன். கேட்கவில்லை.

திரும்பி வந்தபோது ராக்கம்மா போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அதை இயக்கத் தெரியாது.

"அந்தச் சுண்டு விரல எப்படிக் குடுத்து மொறத்தப் புடிச்சிருக்குதுன்னு சரியாத் தெரியல. இன்னொருக்காப் போடுங்க" என்றாள்.

போட்டேன்.